அட்டவணை டீச்சருக்கு வந்த சந்தேகம்

டீச்சருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு சந்தேகம் வந்தது. வரக் காரணமாக இருந்தவர் ஓர் ஆசிரியர். அப்படி ஒரு ஆசிரியரே கிடையாது என்பதுதான் விஷயம்.

பள்ளியில் டீச்சர் எடுத்தது கணக்கு. ஆனால் கணக்கு டீச்சர் என்று கேட்டால் வாசல் காவலாளி கொஞ்சம் யோசிப்பார். அட்டவணை டீச்சர் என்றால் உடனே கை காட்டுவார். இருபத்தாறு வருடங்களாக அந்தப் பள்ளியின் கால அட்டவணையை அவர்தான் போட்டார். முப்பத்து நான்கு வகுப்புகள், ஐம்பத்தொரு ஆசிரியர்கள், வாரத்துக்கு நாற்பது பீரியட். பெருக்கினால் ஆயிரத்து முந்நூற்று அறுபது கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் அட்டை.

அட்டைகளை மருந்துப் பெட்டிகளிலிருந்து வெட்டிக்கொள்வார். கணவர் மருந்துக்கடை வைத்திருந்ததால் காலிப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. காய்ச்சல் மாத்திரைப் பெட்டி வெள்ளை, அது கணக்கு. நெஞ்செரிச்சல் மாத்திரைப் பெட்டி பச்சை, அது அறிவியல். இருமல் மருந்து நீலம், அது மொழிப்பாடம். உட்புறத்தில் ஆசிரியரின் பெயரில் முதல் எழுத்தும் வகுப்பும்.

ஆண்டு விடுமுறையில் சாப்பாட்டு மேசை பத்து நாளைக்கு அவருக்குச் சொந்தம். கணவரும் மகனும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மின்விசிறி போடக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். ஒருமுறை கணவர் ஓடத் தவறியதில் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது.

"ஒம்பதாவதுக்கே லீவு விட்டுட்டீங்க" என்றார் டீச்சர். அதற்குமேல் திட்டவில்லை. திட்டினால் கவனம் சிதறும்.

அட்டைகளை வைப்பதில் சிக்கல் என்னவென்றால் ஆளுக்கொரு குறை இருக்கும். ஒருவருக்குக் கடைசி பீரியட் ஆகாது. ஒருவருக்கு மாடிப்படி ஆகாது. ஒருவருக்கு இன்னொருவர் ஆகாது. எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு, முக்கால்வாசியை நிறைவேற்றி, எட்டாவது நாள் ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு அட்டைகளை உட்கார வைத்துவிடுவார். மிச்சம் இரண்டோ மூன்றோ எங்கும் உட்காராது. வகுப்பில் இடம் இருக்கும்போது ஆசிரியர் வேறு வகுப்பில் இருப்பார். ஆசிரியர் சும்மா இருக்கும்போது வகுப்பு நிறைந்திருக்கும்.

அந்த இடங்களில் டீச்சர் ஒரு மஞ்சள் அட்டையை வைத்தார். அதில் ஞ என்று எழுதியிருக்கும். ஞ-வில் பெயர் தொடங்கும் ஆசிரியர் யாரும் பள்ளியில் இல்லை. அதனால்தான் அந்த எழுத்து. கடைசி இரண்டு நாள் வேலை, ஐந்தாறு பேரை அங்கும் இங்கும் மாற்றி, ஒவ்வொரு ஞ-வாக வெளியேற்றுவது.

அந்த வருடம் மூன்று ஞ. இரண்டை வெளியேற்றினார். மூன்றாவதை மறந்துவிட்டார். அட்டவணை அச்சாகி, சட்டம் போட்டு மாட்டியாயிற்று. எட்டாம் வகுப்பு பி பிரிவு, வியாழன், மூன்றாவது பீரியட்: ஞ.

ஐந்து வியாழக்கிழமைகள் யாருக்கும் தெரியவில்லை. எட்டு பி பிள்ளைகள் விவரமானவர்கள். சத்தம் போட்டால்தானே ஆள் வரும்? மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். ஆறாவது வியாழன் தலைமையாசிரியர் அந்தப் பக்கம் நடந்துவந்தார். அவ்வளவு அமைதியாக ஒரு வகுப்பு இருந்தது அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

"யாரு கிளாஸ் இது?"

வகுப்புத் தலைவி எழுந்தாள். "ஞ சார் கிளாஸ் சார்."

"எங்கே அவர்?"

"இன்னைக்கு லீவு சார்."

தலைமையாசிரியர் நேராக அலுவலகம் போய், முன்னறிவிப்பின்றி வராததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தரும்படி ஒரு மெமோ அடிக்கச் சொன்னார். பெயர் தெரியாததால் 'ஞ' என்றே அடித்து ஆசிரியர் அறைப் பலகையில் குத்திவிட்டார்கள். ஐம்பத்தொரு பேரும் படித்தார்கள். ஒருவர்கூட யார் இந்த ஞ என்று கேட்கவில்லை. புதுக் கட்டடத்துக்கு வந்த ஆள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். விளையாட்டு ஆசிரியர் ஒரு படி மேலே போனார்.

"பாவம், நல்ல மனுஷன். நேத்துகூட வண்டி நிறுத்துற இடத்துல பார்த்தேன். நமக்கெல்லாம் வணக்கம் சொல்லுவாரு."

டீச்சருக்குப் பலகையைப் படித்ததும் புரிந்துவிட்டது. தலைமையாசிரியர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்ப அப்படி ஒரு ஆளே இல்லையா டீச்சர்?"

"இல்ல சார்."

"மெமோ நம்பர் போட்டாச்சே. பதில் இல்லாம ஃபைலை மூட முடியாது. நீங்களே அவர் சார்பா ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தார். 'நான் இல்லாத காரணத்தால் வர இயலவில்லை.' ஏற்கப்பட்டது என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

பள்ளியே வாரக்கணக்கில் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து அந்த மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடங்களில் ஒரு வருடம்கூட ஞ இல்லாமல் எட்டாவது நாள் வந்ததில்லை. அது தன் கையாலாகாத்தனமா? இல்லை, அந்தக் கணக்கின் குணமே அப்படியா? தன் மேல் தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம். கணக்கின் மேல் தப்பு என்றால் அது என்ன மாதிரிக் கணக்கு?

அதுதான் சந்தேகம்.

மகன் கணிப்பொறி நிரல் எழுதுபவன். பயணச்சீட்டு முன்பதிவு செய்யும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. முப்பது வயது. அம்மாவின் தொழிலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தான். காலையில் உட்கார்ந்து நிரல் எழுதினான். மதியம் ஓடவிட்டான். ஆறு மணி நேரம் ஓடியது. மடிக்கணினி சூடாகி, அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்த அட்டவணையில் நான்கு மோதல்கள் இருந்தன. டீச்சரின் எட்டாவது நாள் அட்டவணையில் மூன்று.

"உன் மெஷினுக்கும் ஞ சார் தேவைப்படுறாரு போலயே" என்றார் கணவர்.

மகனுக்கு ரோசம். "அப்பா, இது சாதாரணக் கணக்கு இல்ல. இதுக்கு வேகமான வழி கிடையாதுன்னு பெரிய பெரிய ஆளுங்களே நம்புறாங்க."

டீச்சர் நிமிர்ந்தார். "நம்புறாங்களா? நிரூபிக்கலையா?"

"இல்லம்மா. இருக்குன்னும் நிரூபிக்கல, இல்லைன்னும் நிரூபிக்கல."

"எவ்வளவு நாளா?"

"ஐம்பது வருஷம் இருக்கும்."

"உலகத்துல யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது."

டீச்சர் நாற்காலியை மகன் பக்கம் இழுத்துப் போட்டார். முப்பது வருடங்களாக விடை தெரிந்த கணக்குகளை மட்டுமே கரும்பலகையில் போட்டவர் அவர். விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும். பின்பக்கமே இல்லாத கணக்கு ஒன்று இத்தனை வருடமாகத் தன் சாப்பாட்டு மேசை மேலேயே இருந்திருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு மகனுக்குப் போதாத காலம். பல் துலக்கும்போது கேள்வி. வண்டியைக் கிளப்பும்போது கேள்வி. அவன் கல்லூரியில் படித்த பழைய புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தான். அதில் அவன் அடிக்கோடிட்ட இடங்கள் முதல் இரண்டு அத்தியாயத்தோடு நின்றிருந்தன.

"மூணாவது அத்தியாயத்துலேர்ந்து நீ படிக்கவே இல்லையேடா."

"அதுல கேள்வி வராதும்மா."

டீச்சர் மூன்றாவது அத்தியாயத்திலிருந்து பென்சிலால் கோடு போடத் தொடங்கினார்.

அடுத்த வருடம் பல்கலைக்கழகம் கணினி அறிவியல் முதுகலைக்கு நுழைவுத்தேர்வு அறிவித்தது. கணிதத்தில் இளங்கலை இருந்தால் போதும். வயது வரம்பு இல்லை. 'சும்மா எழுதித்தான் பார்ப்போமே' என்று டீச்சர் எழுதினார். பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவன் அவரைத் தேர்வு அதிகாரி என்று நினைத்து வணக்கம் வைத்து வழிவிட்டான். முடிவு வந்தது. நாற்பது இடத்தில் பதினேழாவது.

அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் வந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மூப்பின்படி டீச்சர். சம்மதக் கையெழுத்தை வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேரக் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமை.

இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியில்லை. படிப்பு இரண்டு வருடம், முழுநேரம். ஆசிரியருக்குப் படிப்பு விடுப்பு உண்டு, தலைமையாசிரியருக்கு இல்லை. பதவியை இப்போது வேண்டாமென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருந்தது. மறுபடி வராது.

பதவி டீச்சருக்கு வேண்டாத பொருளாக இருந்திருந்தால் இதில் கதையே இல்லை. வேண்டிய பொருள். ஐந்து தலைமையாசிரியர்களைப் பார்த்துவிட்டார். ஒவ்வொருவர் காலத்திலும் 'நானாக இருந்தால்' என்று நினைத்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வந்தார். கடைசி பீரியடில் கணக்கு போடக் கூடாது. ஆய்வகத்துக்கு இன்னொரு ஜன்னல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தவறியவர்களை ஒரே பிரிவில் அடைக்கக் கூடாது. மொத்தம் இருபத்திரண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதில் பதினைந்து காரியமாவது நடக்கும்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது மகன் வாயைத் திறந்தான். அவன் எதையும் எண் போட்டுத்தான் பேசுவான்.

"அம்மா, இந்தப் படிப்பை எதுக்குப் படிப்பாங்க, சொல்லு. ஒண்ணு, வேலைக்கு."

"எனக்கு இருக்கு."

"ரெண்டு, வெளிநாடு போக."

"நான் எங்கடா போறேன்? உங்கப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கவே ஆள் இல்ல."

"மருந்துக்கடைக்காரனுக்கே மாத்திரை எடுத்துக் குடுக்கிற ஒரே பொம்பள நீதான்" என்றார் கணவர்.

"மூணு, பதவி உயர்வுக்கு."

"அதை விட்டுட்டுத்தான் போகணும்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஒரு காரணமும் தேறல. நானே முதுகலை வேணாம்னு வேலைக்குப் போனவன். எனக்கு அதனால என்ன குறைஞ்சு போச்சு?"

"உனக்கு மூணாவது அத்தியாயம் குறைஞ்சு போச்சு."

மகன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். "அந்த நாற்காலிக்கு எத்தனை வருஷம் காத்திருந்தே? இதை உன்னைத் தவிர யாரும் செய்ய மாட்டாங்க. கம்ப்யூட்டர் படிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல?"

கடைசி நான்கு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. சொன்னவனுக்கும் அது தெரிந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தமாகத் தட்டைக் கழுவினான்.

புதன்கிழமை டீச்சர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சேருவதற்கு அல்ல. கேட்டுவிட்டு வருவதற்கு.

கணினி அறிவியல் துறை இரண்டாவது மாடி. ஓர் அறை வாசலில் இரண்டு கூட்டம் நின்றது. இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே மணி. ஒரு கூட்டத்துக்கு முன்னால் ஓர் இளைஞர், விரிவுரையாளர். இன்னொன்றுக்கு முன்னால் முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண், பேராசிரியை. நாற்பது வயதுகூட இருக்காது.

"என் பேர் அட்டவணையில இருக்கு மேடம்."

"என் பேரும்தான் இருக்கு. நீங்களே பாருங்க."

டீச்சருக்குக் கை அரித்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பைக்குள்ளிருந்து பென்சிலை எடுத்தார்.

"சாரோட கிளாஸை நாலாவதுக்குத் தள்ளுங்க. நாலாவதுல இருக்கிற ஆய்வகத்தை வெள்ளிக்கிழமை ரெண்டாவதுக்குக் கொண்டுபோங்க. அன்னைக்கு ரூம் காலி, ஆளும் சும்மாதான் இருக்காரு. முடிஞ்சுது."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க யாரும்மா?" என்றார் பேராசிரியை.

"ஸ்கூல் டீச்சர். உங்க துறையில சேரலாமா வேணாமான்னு கேக்க வந்தேன்."

பேராசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் அறைக்கு அழைத்துப் போனார். அறை முழுவதும் புத்தகம். ஒரு நாற்காலியைக் காலி செய்யவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்தக் கணக்கு எவ்வளவு கஷ்டம்னு பாடம் எடுக்கிறதே நான்தான்" என்றார். "அதனாலயே நாங்க யாரும் போடுறதில்ல. போன வருஷத்ததையே தேதி மாத்தி ஒட்டிடுவோம்."

"கஷ்டம்னு தெரிஞ்சா போடாம விட்டுடுவீங்களா? அப்ப நாங்கெல்லாம் கஷ்டம்னு தெரியாமதான் போட்டுட்டு இருக்கோமா?"

"அப்படித்தான் போல" என்ற பேராசிரியை, பலகையைத் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எல்லா ஆசிரியரும் ஸ்கூல்ல ரெண்டே ரெண்டு பீரியட்தான் இருப்பாங்கன்னு வெச்சுக்குங்க. ஆளுக்கு ஆள் அது வேற வேற ரெண்டா இருக்கலாம். தங்களோட வகுப்பை எல்லாம் அந்த ரெண்டுக்குள்ள முடிச்சாகணும். இதுக்கு அட்டவணை போட முடியுமா முடியாதான்னு கண்டுபிடிக்கணும். எத்தனை பெரிய ஸ்கூலா இருந்தாலும் சரி, சீக்கிரம் சொல்லிடலாம். வழி இருக்கு."

"சரி."

"அதே ஆசிரியர்கள் மூணு பீரியட் இருப்பாங்கன்னு வெச்சுக்குங்க. அவ்வளவுதான். வேகமான வழி யாருக்கும் தெரியாது."

டீச்சர் முன்னால் சாய்ந்தார். "ஒரு பீரியட் கூட இருக்கிறாங்க. வசதிதானே அது? எப்படிக் கஷ்டமாகும்?"

"உங்க முழு ஸ்கூல் அட்டவணை அளவுக்கே அதுவும் கஷ்டம்னு நிரூபிச்சிருக்காங்க. ரெண்டு வரைக்கும் சுலபம். மூணுல உடையுது."

"ஏன் சரியா மூணுல?"

"நீங்களே யோசிச்சுப் பாருங்களேன்."

டீச்சருக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் நினைவுக்கு வந்தார்கள். பாட்டு டீச்சர், தையல் டீச்சர். வாரத்தில் ஒரு நாள், இரண்டே பீரியட் வருகிறவர்கள். அவர்களைத்தான் முதலில் உட்கார வைப்பார். ஒருவரை வைத்தால் அடுத்தவர் தானாக விழுவார். முழுநேரக்காரர்கள், 'எப்ப போட்டாலும் சரி டீச்சர்' என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்கள்தான் எட்டாவது நாள் கழுத்தை அறுப்பார்கள். இது அவருக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

எழுந்து வாசல் வரை வந்தபிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. "சேரலாமா வேணாமான்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார் பேராசிரியை. "முதல் வருஷம் நீங்க கேக்கிறது எதுவும் வராது. நிறைய நிரல் எழுதணும், சலிப்பா இருக்கும். உங்க பிள்ளை வயசுக்காரங்க உங்களைவிட வேகமாத் தட்டச்சு பண்ணுவாங்க. அதையும் சொல்லிடுறேன்."

வீட்டில் அன்று டீச்சர் நடந்ததைக் கணவரிடம் மட்டும் சொன்னார். தலைக்குள் இரண்டு பீரியட், மூன்று பீரியட் ஆசிரியர்கள் நிறைந்திருந்தார்கள்.

"உனக்கும் ரெண்டு வழிதானே இருக்கு" என்றார் கணவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "அப்ப சுலபமாத்தான் இருக்கணும்."

"மூணாவது ஒண்ணு இருக்கே. ரெண்டும் வேணாம்னு உங்க கடையில வந்து உக்காந்துக்கிறது."

"அம்மாடி, அது வேணாம். நீ சீட்டைப் படிச்சுட்டு டாக்டருக்கே மார்க் போடுவே."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு டீச்சருக்கு இருந்த ஆயுள் ஒரு வருடமும் எட்டு மாதமும். மூளையில் ஒரு ரத்தக்குழாய். வலி இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. தெரிந்திருந்தால் அந்த வாரம் வேறு மாதிரி நடந்திருக்குமா என்று மகன் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான். அவன் வேறு மாதிரி பேசியிருப்பான். டீச்சர் வேறு மாதிரி செய்திருப்பார் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை மேசை மேல் ஒரு குட்டிப் பள்ளி இருந்தது. ஆறு ஆசிரியர்கள், ஆறு வகுப்பு, ஆளுக்கு இரண்டு பீரியட். மகன் அலுவலகத்துக்குக் கிளம்பி, சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"டேய், இங்க வா. ரெண்டே நிமிஷம்."

வந்து நின்றான்.

"இந்த ஆளுக்கு ரெண்டு கிளாஸ், ரெண்டு பீரியட். இதை முதல்ல எடுத்தா அதை ரெண்டாவதா எடுக்கணும். மாத்தி எடுத்தா மாறும். ரெண்டே விதம்தான். சரியா?"

"சரி."

"முதல் விதம்னு வை. உடனே இந்த வகுப்புல முதல் பீரியட் போச்சு. அப்ப அதே வகுப்புக்கு வர்ற அடுத்த ஆள் ரெண்டாவதுக்குத்தான் வந்தாகணும். அவர் வந்தா அதுக்கடுத்தவருக்கும் வேற வழி இல்ல." அட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். "ஸ்வெட்டர்ல நூலை இழுத்த மாதிரி ஒரே நூல். நான் யோசிக்கவே வேணாம், அதுவே போகுது. கடைசியில ஒண்ணு சேரும், இல்லேன்னா முட்டும். முட்டினா ஆரம்பத்துக்கு வந்து அடுத்த விதம். அதுவும் முட்டினா அட்டவணையே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லிடலாம். மொத்தம் ரெண்டு இழுப்பு. அதனாலதான் சுலபம்!"

மகன் மேசையைப் பார்த்தான். அவன் கல்லூரியில் இதை ஒரு பக்கத் தேற்றமாக மனப்பாடம் செய்திருந்தான். நூல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பையை நாற்காலியில் வைத்தான்.

"இப்ப மூணு பீரியட் குடு." டீச்சர் இன்னொரு வரிசை அட்டையை வைத்தார். "இந்த ஆளை வெச்சா, அடுத்த ஆளுக்கு இன்னும் ரெண்டு வழி மிச்சம் இருக்கு. நூல் கிளை விடுது. அந்தக் கிளையில இன்னொரு கிளை. எதை இழுக்கிறதுன்னு தெரியல. வசதி கூடக் கூட வழி தெரியாம போகுது. எட்டாவது நாள் எனக்கு நடந்தது இதுதான்டா. என் மேல தப்பு இல்ல."

"உன் மேல தப்புன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லிட்டிருந்தேன், இத்தனை வருஷமா."



"சரி, இப்ப சொல்லு" என்றார் டீச்சர். "எல்லாக் கிளையையும் ஒண்ணொண்ணாப் போய்ப் பார்க்காம, இதுல ஏதோ ஒண்ணு சேரும், இல்ல எதுவும் சேராதுன்னு வெளியில நின்னே சொல்ல முடியாதுன்னு ஏன் நிரூபிக்க முடியல? எங்க மாட்டிக்குது?"

மகன் யோசித்தான். பதில் தெரியாது. பதில் தெரியாது என்பதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"அது ரொம்ப ஆழம்மா. எனக்குத் தெரியாது. அதெல்லாம் அங்க போய்ப் படிச்சாத்தான்—"

நிறுத்திக்கொண்டான். டீச்சர் அவனைப் பார்த்தார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் எதிர்பாராமல் சரியான விடை சொன்னால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சாவி உன் சட்டைப் பையிலதான் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியர் முன்னால் ஒரு தாளை வைத்தார். அவர் சம்மதக் கடிதம் என்று நினைத்து வாழ்த்தச் சிரித்தபடியே எடுத்தார். படித்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன டீச்சர் இது? நாற்காலி வேணாமா?"

"வேணும் சார். ரொம்ப வேணும். அதான் எழுதறதுக்கே மூணு தாள் கிழிச்சேன்."

"அப்புறம் ஏன்?"

"உக்காந்தா அஞ்சு வருஷத்துல பதினஞ்சு காரியம் முடிப்பேன். எப்படி முடிப்பேன்னு இப்பவே எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல சார்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சதை விட்டுட்டு யாராவது தெரியாததுக்குப் போவாங்களா?"

"முப்பது வருஷம் தெரிஞ்சதைத்தான் சொல்லிக் குடுத்தேன்."

இருபத்திரண்டு எழுதியிருந்த நோட்டை அவர் மேசையில் வைத்தார். "அடுத்து வரவங்ககிட்ட குடுங்க. நாலாவதையாவது செய்யச் சொல்லுங்க, ஜன்னலை." வெளியே வந்து நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று காவலாளி பின்னால் சொன்னார். டீச்சர் வீட்டில் அதைச் சொல்லவில்லை.

மதியம் மகன் அரைநாள் விடுப்பெடுத்து வண்டியில் அழைத்துப் போனான். அவனாகத்தான் வந்தான். சேர்க்கைக் கவுண்டரில் நீண்ட வரிசை. மூன்றரை மணிக்கு அவர்கள் முறை வந்தது. எழுத்தர் படிவத்தைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் கட்டம் காலியா இருக்கு. பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து."

"எனக்கு ஐம்பத்திமூணு வயசுங்க. அப்பா அம்மா இல்ல."

"பாதுகாவலர்?"

"யார்கிட்டேர்ந்துங்க என்னைப் பாதுகாக்கிறது?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை. "நான் என்னம்மா பண்றது? அந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது. நாலு மணிக்குக் கவுண்டர் மூடிடும்."

"கம்ப்யூட்டர் துறைக்கே இந்த கதியா?"

"எல்லாத் துறைக்கும் ஒரே படிவம்தான்."

டீச்சர் கணவரைத் தொலைபேசியில் அழைத்தார். கடையில் கூட்டம், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். சுவர்க்கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. எழுத்தர் படிவத்தை ஓரமாகத் தள்ளி, அடுத்த ஆளைப் பார்த்தார்.

"இருங்க" என்றான் மகன். கையை நீட்டிப் படிவத்தை இழுத்துக்கொண்டான். "பேனா குடும்மா."

"நீயா?"

"பாதுகாவலர்னா வயசு எவ்வளவுன்னு இதுல போடலையே."

டீச்சர் பேனாவைக் கொடுத்தார். அவன் கட்டத்துக்குள் கையெழுத்திட்டான். மேலே சிறிய எழுத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. இவர் இப்படிப்பில் சேர எனக்கு முழுச் சம்மதம், இவருடைய வருகைக்கும் நன்னடத்தைக்கும் நானே பொறுப்பு. அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"என்னடா, என் நன்னடத்தையில சந்தேகமா?"

"படிக்காம கையெழுத்துப் போடாதேன்னு நீதானே சொல்லுவே."

கீழே இன்னொரு சிறிய கட்டம். மாணவருக்கு என்ன உறவு? மகன், என்று எழுதினான். எழுத்தர் வாங்கி அந்தச் சொல்லையும் டீச்சரின் முகத்தையும் பார்த்தார். விசைப்பலகையில் தட்டினார். கணிப்பொறி அடுத்த பக்கத்துக்குப் போனது.